திருப்பிச் சொன்னது

"இன்னும் கொஞ்சம் தூக்கு, மூச்சு எட்டல" என்றார் அண்ணன். தங்கை சின்னவள் அவர் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து நிமிர்த்தி, இன்னொரு தலையணையைத் திணித்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த மனிதர் சலவைக் கூடத்தின் ஒரு கோடியில் நின்று அதட்டினால், மறுகோடியில் இருக்கிற ஆள் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிடுவார். இப்போது அவரை நிமிர்த்த ஒரு கை போதுமாக இருந்தது.

"முடியலைன்னா விட்டுடலாம். இன்னொரு நாள் உட்காரலாம்" என்றாள் டிரைவிங் அக்கா.

"இன்னொரு நாளா?" அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ரெண்டு நிமிஷம் ஆனது. "ஆரம்பிங்க. நான்தானே வரச் சொன்னேன்."

டிரைவிங் அக்காவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் பிழைப்பு. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்தில், தன் காலடியில் இருக்கிற ரெண்டாவது பிரேக்கை நம்பி இருபது வருஷம் உட்கார்ந்து உயிர் பிழைத்தவள். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான், தெருவில் சண்டை சச்சரவு என்று வந்தால் பேசித் தீர்க்க அவளை உட்கார வைத்தார்கள். நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை, நாலு நாற்காலி, வாரத்தில் ஒரு நாள். தீர்ப்பு மட்டும் சொல்ல மாட்டாள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், "அது எனக்கெதுக்கு? வண்டியை ஓட்டப்போறது நீங்க" என்பாள்.

ஆனால் சட்டம் வைத்திருந்தாள். அறையில் பேசினது அறையோடு. ஆளுக்கு ஒருவர் துணைக்கு வரலாம், வந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைய பேச்சு அத்தோடு கலைந்தது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எல்லோருக்கும் தொண்டையில் சிக்குகிற சட்டம் ஒன்று உண்டு. பதில் சொல்வதற்கு முன்னால், எதிராளி உன்னைப் பற்றிச் சொன்னதை நீயே உன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். 'நீ இப்படிச் சொல்றே' என்று தள்ளி நின்று சொல்லித் தப்பிக்க முடியாது, 'நான்' போட்டுத்தான் சொல்ல வேண்டும். "ஒத்துக்கச் சொல்லலைங்க. வாயில போட்டுப் பாருங்க, அவ்வளவுதான்" என்பாள். எதிராளி 'அதேதான்' என்று தலையாட்டிய பிறகுதான் உன் பதில். மாமியாரும் மருமகளும் இந்த 'நான்' வராமல் அரை நாள் உட்கார்ந்திருந்த கதையெல்லாம் உண்டு.

விஷயம் இதுதான். அண்ணன் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் சூப்பர்வைசர். ஈர விரிப்புகளை உலர்த்தித் தேய்த்துத் தள்ளுகிற பெரிய சூட்டு உருளை அங்கே உண்டு. அதன் வாயில் விரிப்பைக் கொடுக்கிறவளை எல்லோரும் உருளைக்காரி என்றே கூப்பிடுவார்கள். மறுபக்கம் வந்து விழுவதை மடிக்கிற மேஜையில் சின்னவள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை பட்டால் மெஷின் நின்றுவிடும். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் உருளைக்காரியின் இடது கை உள்ளே போனது. கம்பி இல்லை, கழற்றிவிட்டார்கள் என்றாள் அவள். கம்பி இருந்தது, இவளாகத்தான் பக்கவாட்டில் கையை விட்டாள் என்று எழுதிக் கொடுத்தார் அண்ணன். ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்தபோது கம்பி கச்சிதமாக இருந்தது. அப்புறமென்ன, கோப்பில் 'சொந்தக் கவனக்குறைவு' என்று ஏறிவிட்டது. கவனம் இல்லாத ஆளுக்கு மாற்று வேலை எதற்கு என்று, இந்த மாதத்தோடு அவளை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். ரெண்டு குடும்பமும் ஒரே தெரு. அவள் புருஷன் நடுத்தெருவில் அண்ணனின் சட்டையைப் பிடித்த பிறகுதான் விவகாரம் நூலக அறைக்கு வந்தது. ரெண்டு பேரும் பேசி ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கோப்பைத் திருத்துகிறோம் என்று ஆபீஸும் சொல்லியிருந்தது.

ரெண்டு முறை உட்கார்ந்தாயிற்று. ரெண்டு முறையும் அண்ணனுக்குத் துணையாகப் போனவள் சின்னவள்தான். துணைக்கு வந்தவர் பேசக் கூடாது என்கிற சட்டத்தை அவளைப் போல நேசித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஏனென்றால் அவள் பார்த்திருந்தாள். விரிப்பு கம்பியில் சிக்கிச் சிக்கி மெஷின் நிற்கிறதே என்று அன்று காலையில் அண்ணன் ஸ்பேனரோடு வந்து அதைக் கழற்றியதைப் பார்த்தாள். உருளைக்காரியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு ஓடியபோது அவர் மட்டும் பின்தங்கி அதைத் திரும்ப மாட்டியதையும் பார்த்தாள். கடைசித் திருகை முறுக்கிவிட்டு நிமிர்ந்தவர், மேஜை அருகே அவள் நிற்பதைக் கண்டார். "நீ மடிக்கிற வேலையைப் பாரு" என்றார். அவளும் மடித்தாள். அப்பா போன பிறகு படிக்க வைத்தது அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணன். புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியோடு வந்து நின்றபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் பின்னறையை ஒழித்துக் கொடுத்ததும் அண்ணன்தான். அவள் எந்த வாயால் பேசுவாள்?

இது மூன்றாவது முறை, அண்ணனால் எழுந்து வர முடியாததால் அவர் வீட்டிலேயே. உருளைக்காரி துணைக்கு யாரும் இல்லாமல் வந்திருந்தாள். முழுக்கைச் சட்டையின் நுனியை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லும்மா" என்றாள் டிரைவிங் அக்கா.

"புதுசா என்ன சொல்ல? அதேதான் சொல்லுவேன்." உருளைக்காரியின் குரல் நடுங்கவில்லை. "கம்பியைக் கழட்டினது நீங்க. என் கை போனதும் திரும்ப மாட்டினதும் நீங்க. நானே கையை விட்டேன்னு பொய் எழுதினதும் நீங்கதான். எனக்குக் கை போனதை விட அதுதான் சார் எரியுது."

போன ரெண்டு முறையும் இந்த இடத்தில்தான் அண்ணன் 'சொல்ல முடியாது' என்று எழுந்து போனார். இப்போது எழுந்து போக முடியாது. கண்ணை மூடி, மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"நான்..." என்றார். நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மிச்சமிருந்த தெம்பையெல்லாம் திரட்டிச் சத்தமாகவே சொன்னார். "நான்தான் கம்பியைக் கழட்டினேன். அவ கை போனதும் நான்தான் திரும்ப மாட்டினேன். நான்தான் பொய் எழுதினேன்."

மாத்திரை நேரம் ஆகிவிட்டதே என்று கதவைத் திறந்த அண்ணி அப்படியே நின்றாள். பின்னாலேயே, நோயாளியைப் பார்க்க வந்த சலவைக் கூடத்துப் பாய்லர்க்காரர். ரெண்டு பேர் காதிலும் விழுந்தது. டிரைவிங் அக்கா வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். அண்ணி கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாள்.

"அதேதான்" என்றாள் உருளைக்காரி.

"சரி. இனிமே உங்க பதிலைச் சொல்லுங்க சார்" என்றாள் அக்கா.

அண்ணன் வாயைத் திறந்தார். பதிலைச் சொல்லாமல் தலையைத் திருப்பிச் சின்னவளைப் பார்த்தார். எதற்காகப் பார்த்தார்? சொல்லட்டுமா என்றா, சொல்லிவிடாதே என்றா, நீயே சொல்லிவிடேன் என்றா? சின்னவளுக்குத் தெரியாது. அவள் அந்தக் கண்ணைத் தாங்காமல் குனிந்து தரையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது இருமல் தொடங்கியிருந்தது. அந்த இருமல் நிற்கவில்லை. மூக்கில் குழாயை வைத்தார்கள், முதுகைத் தடவினார்கள், அண்ணி ஓடி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். பதினொன்றே கால் மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது.

டாக்டர் வந்து பார்த்துத் தாள் எழுதிக் கொடுத்தார். நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. சின்னவள் வெந்நீர் போட்டாள், அண்ணியோடு சேர்ந்து அவரைத் துடைத்தாள், அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்க்க எடுத்தாள். பதினெட்டு வருஷம் துணிக்கு நடுவில் இருந்தவள், அன்று காலரை மூன்று முறை தேய்த்தும் சுருக்கம் போகவில்லை. ஒவ்வொரு முறை பெட்டியை வைக்கும்போதும் அந்தக் கண் வந்து நின்றது. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். சலவைக் கூடத்திலிருந்து ஒரு ஷிப்ட் ஆட்கள் அப்படியே வந்திருந்தார்கள். பாய்லர்க்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஒரு சேதியை வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்க அவருக்கு ஜீரண சக்தி போதாது, அவ்வளவுதான்.

"என் காதால கேட்டேன்ப்பா. நான்தான் கழட்டினேன், நான்தான் பொய் எழுதினேன்னு தெளிவாச் சொன்னாரு. சொல்லிட்டுத்தான் உசுரை விட்டாரு."

"போற நேரத்துல பாரத்தை இறக்கி வெச்சுட்டாரு."

"அப்போ அந்தப் பொம்பளை சொன்னது நிஜம்தானா! நாம வேற அவளை என்னென்ன பேசினோம்!"

ஜன்னல் வழியாக எல்லாம் உள்ளே வந்தது. அண்ணி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை வாய்விட்டு அழுதவள், இதைக் கேட்கக் கேட்க அழுகையை நிறுத்திவிட்டாள். அவள் முகம் இறுகியது.

"என்ன சொல்ல வெச்சாங்க அவரை?" என்றாள் அண்ணி.

"அண்ணி, இப்ப வேண்டாமே."

"உள்ள இருந்தே இல்ல? சாகக் கிடக்கிற மனுஷன் வாயில என்ன போட்டு வாங்கினாங்கன்னு கேக்கறேன்."

"அறையில பேசினதை வெளிய..."

"அறையாவது மண்ணாவது! இது என் வீடு!"

சின்னவள் சட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். வேறென்ன செய்வாள்? இந்தப் பத்து மாதமாக அவளுக்குக் கைவந்த வேலை அது ஒன்றுதான்.

மூன்றரை மணிக்கு டிரைவிங் அக்கா வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு ரெண்டடி பின்னால் உருளைக்காரி. கூடத்து ஆட்களில் ரெண்டு பேர் எழுந்து உருளைக்காரிக்கு நாற்காலி கொடுத்தார்கள். நேற்றுவரை அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான். அவள் உட்காரவில்லை.

அண்ணி விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

"திருப்தியா? வாங்க வேண்டியதை வாங்கிட்டீங்க இல்ல? மூச்சு விட முடியாத மனுஷனை நிமிர்த்தி உட்கார வெச்சு, நான் பொய்யன், நான் பொய்யன்னு சொல்ல வெச்சீங்களே, நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?"

"அம்மா, உள்ள நடந்தது வேற" என்றாள் டிரைவிங் அக்கா.

"என்ன வேற? சொல்லுங்களேன். இத்தனை பேரு இருக்காங்க, சொல்லுங்க."

"நான் சொல்ல முடியாது. சம்பந்தப்பட்டவங்க சம்மதம் இல்லாம அங்க பேசினதை வெளிய எடுக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"சம்பந்தப்பட்டவர் உள்ள படுத்திருக்காரு! அவர் பெண்டாட்டி நான் சொல்றேன், எனக்குச் சம்மதம். பேசுங்க!"

அக்கா உருளைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் நிலைப்படியில் நின்றிருந்தாள், தேய்த்த சட்டை இன்னும் கையில் இருந்தது. இனி ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. ஊரே நம்பிவிட்டது. உருளைக்காரி சும்மா தலையாட்டினால் போதும், நாளைக்கே கோப்பு திருந்திவிடும், இவளும் வாயைத் திறக்காமலே பிழைத்துப் போவாள். கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறு.

"எனக்கும் சம்மதம்க்கா" என்றாள் உருளைக்காரி. பிறகு முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள். "அவர் எதையும் ஒத்துக்கல."

பாய்லர்க்காரர் பாதி எழுந்துவிட்டார். "என்னம்மா இது, நானே கேட்டேனே?"

"நீங்க கேட்டது என் பேச்சு. நான் சொன்னதை அவர் திருப்பிச் சொன்னார். 'நான்' போட்டுச் சொல்லணும், அது அங்க சட்டம். அதுக்கப்புறம்தான் அவர் தன் பதிலைச் சொல்லணும். அதுக்குள்ள..." அவள் நிறுத்தினாள். "அவர் பதில் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்சதாச் சொல்லி எனக்கு வேலை வேண்டாம். அவர்தான் கழட்டினாருன்னு நான் இன்னைக்கும் சொல்றேன். ஆனா அவர் அப்படிச் சொல்லல."

நாற்காலி கொடுத்தவர்களில் ஒருவர் மெல்ல அதை இழுத்து மறுபடி உட்கார்ந்தார். சின்னவளுக்கு நம்ப முடியவில்லை. வாயோரம் வந்ததை இப்படியும் ஒருத்தி தட்டிவிடுவாளா?

அண்ணியின் முகம் மலர்ந்தது. பார்க்கவே பயமாக இருந்தது அந்த மலர்ச்சி. "கேட்டீங்களா? எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! என் வீட்டுக்காரர் பொய் சொல்லல. இவளே சொல்லிட்டா!" திரும்பிச் சின்னவளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "நீயும் உள்ள இருந்தியே. சொல்லு. உங்க அண்ணன் எப்படிப்பட்டவர்னு சொல்லு, அவர் நிம்மதியாப் போகட்டும்."

உருளைக்காரி அவள் பக்கமே பார்க்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணியின் பிடி சூடாக இருந்தது. 'ஆமா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்த வீடு, பின்னறை, அண்ணியின் மடி, எல்லாம் அந்த ஒரு சொல்லோடு நிலைத்துவிடும்.

"ஒத்துக்கல, அது வாஸ்தவம்" என்றாள் சின்னவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஆனா கழட்டினது அண்ணன்தான். காலையில கழட்டினார். எல்லாரும் வாசலுக்கு ஓடினப்புறம் அவரே மாட்டினார். நான் பார்த்தேன்."

அண்ணி கையை விட்டாள்.

"என்னடி சொல்றே?"

"நான் மடிக்கிற மேஜைகிட்ட நின்னேன் அண்ணி. பார்த்தேன்."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"அன்னையிலேருந்து."

"பத்து மாசம்." அண்ணி கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. "பத்து மாசம் இந்தத் தெருவே இவரைப் பத்தி ரெண்டு விதமாப் பேசுச்சு. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சண்டைக்குப் போனேன். நீ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தே."

"ஆமா அண்ணி."

"அவர் என்கிட்டயாவது சொல்லியிருப்பாரா? கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான் கேட்கவே இல்லையேடி." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சின்னவளின் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசற்படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "வண்டியில நீ ஏறாதே."

நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்க ஆள் குறையவில்லை. பாய்லர்க்காரர்தான் தலைப்பக்கம் பிடித்தார், வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவள் படியிலேயே நின்றாள். அண்ணன் அவளைக் கடந்து போனபோது காலரில் அந்தச் சுருக்கம் தெரிந்தது. கை நீட்டிச் சரிசெய்யத் தோன்றியது, நீட்டவில்லை. அண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்து, இந்தப் பக்கம் பார்க்காமல் கதவைச் சாத்தச் சொன்னாள். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகுதான் சின்னவளுக்கு அழுகை வந்தது. அண்ணா, அண்ணா என்று வாய்விட்டே அழுதாள்.

டிரைவிங் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முடிந்ததும் கேட்டாள்:

"ஆபீஸ்ல வந்து இதையே சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா."

"உன் வேலைக்கும் சிக்கல் வரலாம். தெரியுமில்ல?"

"தெரியும்."

அக்கா தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போனாள். வாசல் கதவருகே உருளைக்காரி இன்னும் நின்றிருந்தாள். நன்றி சொல்ல நிற்கிறாள் என்று நினைத்தால் அது அறியாமை.

"தினமும் ரெண்டு வேளை இந்தத் தெருவில என்னைத் தாண்டிப் போனே" என்றாள். "கட்டுப் பிரிச்ச அன்னைக்குக் கூட எதிர்ல வந்தே. அன்னைக்கெல்லாம் எங்க போச்சு உன் வாய்?"

அவள் கேட்டதில் ஓர் எழுத்தைக் கூட மறுக்க முடியாது. சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கொடியில் அண்ணனுக்குத் தினம் மாற்றிப் போட்ட விரிப்புகள் காய்ந்து தொங்கின. வண்டியில் போனவர்கள் திரும்பி வந்தால் உட்கார முற்றம் வேண்டும். ஒவ்வொன்றாக உருவினாள். எல்லாம் அகலமான விரிப்புகள், ஒற்றை ஆளாகத் தரையில் படாமல் மடிக்க வராது. ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுமுனையைத் தேடித் தடுமாறினாள். தரையில் கிடந்த முனை மேலே எழுந்தது. உருளைக்காரி சட்டைக் கையை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதைப் பிடித்து நின்றாள்.

தொழில் பழக்கம், ரெண்டு பேரும் தானாகவே ஓரடி பின்னால் போய் விறைப்பாக இழுத்தார்கள். உருளைக்காரியின் இடது கையிலிருந்து மூலை நழுவிப் போனது. குனிந்து எடுத்தாள். மறுபடி இழுத்தார்கள், மறுபடி நழுவியது. பெருவிரல் கிட்டே வந்தது, மற்ற விரல்கள் அதுவரைக்கும் மடங்கவில்லை. அந்தக் கை ஒரு துணியைப் பிடிக்கப் பார்ப்பதைச் சின்னவள் இத்தனை நாளில் இப்போதுதான் பார்த்தாள்.

"மெதுவா இழு" என்றாள் உருளைக்காரி.

சின்னவள் மெதுவாக இழுத்தாள்.